கலெக்டர் தொட்ட கோட்டு

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் பசுபதியைப்போல் காசை இறுக்கிப் பிடிப்பவன் இல்லை என்று அவனைப் பிடிக்காதவர்கள் சொல்வார்கள். பிடித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. குளிர்காலத்தில் அவன் வீட்டுச் சூட்டை வைக்கிற தெர்மாஸ்டாட் எங்கே நிற்குமென்றால், ஃப்ரிட்ஜைத் திறந்தால் சற்றுக் கதகதப்பாக இருக்கும். அவன் மனைவி ருக்மிணி பாலுக்கு உறை ஊற்றி, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, படுக்கையில் தனக்கும் அவனுக்கும் நடுவில் போட்டுக்கொள்வாள் என்று பக்கத்து ஊர் வெஸ்ட் வின்ட்சர் வரைக்கும் ஒரு பேச்சு இருந்தது. அது பொய். நடுவில் இல்லை, சுவரோரமாகத்தான்.

இந்தக் குணத்தால்தான் அந்தக் கோட்டு அவனிடம் வந்து சேர்ந்தது.

ருக்மிணியின் தாத்தா பஞ்சாபகேசய்யர் மாயவரம் தாலுகா ஆபீசில் சிரஸ்தார், தலைமைக் குமாஸ்தா. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருநாள் அவரை டீ பார்ட்டிக்கு அழைத்தார். அதற்கென்றே புதிதாகத் தைத்த கறுப்பு அல்பாகாக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு தாத்தா போய் நின்றார். கலெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, தோளில் கையை வைத்து, "குட் கோட்" என்றார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையை முதலாக வைத்து அந்தக் குடும்பத்தில் நாலு பெண்களுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது.

துரை கை பட்ட கோட்டை அதற்குப்பிறகு யாரும் துவைக்கவில்லை. தூசி தட்டும்போதுகூடத் தோளை விட்டுவிட்டுத்தான் தட்டுவார்கள். கோட்டு ரொம்ப நீளம். அதைப் பார்த்தவர்கள் தாத்தா ஆறடி என்றார்கள். உயிரோடு இருந்தவரை அவர் எப்படியோ, செத்த பிறகு வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தார். ருக்மிணிக்குக் கல்யாணம் ஆகிற சமயத்தில் அவர் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைந்தவர் ஆகியிருந்தார். அவளுடைய தங்கை கல்யாணத்துக்குள் மாயூரநாதர் கோயில் கோபுர வாசலிலும் குனிய ஆரம்பித்திருந்தார்.

பாகப்பிரிவினையின்போது இந்தக் கோட்டை என்ன செய்வது என்று மாம்பலத்தில் பெரிய வழக்கு. ருக்மிணியின் பெரியப்பா ராமசுப்ரமணியன்தான் தாத்தாவுக்கு மூத்த பிள்ளை, ஏ.ஜி. ஆபீசில் ஆடிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர்தான் தீர்ப்புச் சொன்னார். "அமெரிக்கால பூச்சி கிடையாது, குளிர்ல செத்துப்போயிடும். கோட்டு ருக்குகிட்ட இருக்கட்டும். அவ ஆம்படையான் எந்தச் சாமானையும் உபயோகப்படுத்த மாட்டான். அதனால தேயாது."

மனைவி வீட்டாரிடமிருந்து பசுபதிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. இரண்டாவது இன்னும் வரவில்லை. அதனால் அவன் அந்தக் கோட்டைக் கண்ணில் வைத்துக் காப்பாற்ற முடிவு செய்தான், செலவில்லாமல்.

நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்தான். பழந்துணியை பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வேர்த்துக் கெட்டுப்போகும், வெயில் படக்கூடாது, ஆணியும் கம்பியும் ஆகாது, அமிலமில்லாத தனிக் காகிதத்தில்தான் சுற்றவேண்டும் என்றெல்லாம் அதில் போட்டிருந்தது. அந்தக் காகிதத்தின் விலையைப் பார்த்ததும் பசுபதி புத்தகத்தை மூடி, கொஞ்சநேரம் வெளியே நடந்துவிட்டு வந்தான். பிறகு, பலதரம் துவைத்துக் கஞ்சியெல்லாம் போன தன் பழைய நூல் வேஷ்டி ஒன்றை எடுத்துக் கிழித்தான். தலையணைப் பஞ்சை ஹாங்கரில் சுற்றி, வேஷ்டித் துண்டால் கட்டி, தோள் மடியாமல் தொங்க வழிசெய்தான். பக்கத்து வீட்டுக்காரர், குளிருக்காக ஜன்னலுக்கு வெளியே மாட்டுகிற பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் குப்பைக்காகத் தெருவோரம் வைத்திருந்தார். அதைக் கார்மேல் கட்டி, பத்தடி தூரத்திலிருந்த தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். பின்பக்கத்துக்குப் பெட்டிப் பலகை, அதன்மேல் மீதி வேஷ்டி. கண்ணாடிப் பெட்டி தயார். வாஷிங்டன் மியூசியத்தில்கூட இப்படி ஒன்று கிடையாது என்று ருக்மிணியே சொன்னாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவன் கேட்கவில்லை.

ஒரே ஒரு குறை, வாசனை. அறுபது வருஷத்துக்கு மேல் துவைக்காத கோட்டு. தாத்தாவின் குடுமியிலிருந்து இறங்கிய நல்லெண்ணெய் கழுத்துப்பட்டையில் தார் மாதிரி படிந்திருந்தது. அதை ஹாலில் மாட்டிய அன்றைக்கு வந்த விருந்தாளிகள், "உள்ள பெரியவர் யாராவது படுத்திண்டிருக்காரா? நமஸ்காரம் பண்ணிட்டுப் போறோமே" என்றார்கள்.

எண்ணெயும் வேர்வையும் துணியை அரித்துவிடும், பூச்சியைக் கூப்பிடும், மெதுவாகக் கழுவத்தான் வேண்டும் என்று புத்தகமும் சொன்னது. டிரை கிளீனர் கேட்ட தொகைக்குக் கோட்டோடு உள்ளே ஒரு ஆளையும் சேர்த்து வாங்கிவிடலாம். ஆகவே ஒரு சனிக்கிழமை பசுபதி பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்து, பாத்டப்பில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, கோட்டைக் குழந்தையைப்போல இறக்கினான். தேய்க்கவில்லை, முறுக்கவில்லை. தண்ணீர் மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தான். முதல் தண்ணீர் காவிரி வண்டல் நிறத்தில் போயிற்று. கடைசித் தண்ணீர் தெளிந்தபோது கழுத்துப்பட்டையின் உள்பக்கம், வெள்ளை நூல் துணியில், சேங்கொட்டை மையில் போட்ட பழைய சலவைக்குறி ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மூன்று புள்ளி, ஒரு கொக்கி. ஊரில் எந்த வீட்டுத் துணியில்தான் டோபி மார்க் இல்லை? பசுபதி அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

புத்தகம் சொன்னபடி கோட்டைப் பெரிய துண்டில் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, ஈரம் இறங்கட்டும் என்று வாஷிங் மெஷின் மேல் வைத்தான். அப்போது டெலிபோன் அடித்தது.

"மாப்பிள்ளை, நான் ராமசுப்ரமணியன் பேசறேன், கலிபோர்னியா மில்பிடாஸ்லேர்ந்து. பிள்ளையாத்துக்கு வந்திருக்கேன். அடுத்த வாரம் அங்க வரேன். அந்தக் கோட்டைப் பாத்துட்டுத்தான் கண்ணை மூடணும்."

பெரியப்பா பல வருஷங்களாக எதையாவது பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவதாகச் சொல்லிவந்தார். எல்லாவற்றையும் பார்த்தும் ஆயிற்று. கண் மட்டும் திறந்தே இருந்தது.

"வாங்கோ பெரியப்பா. கோட்டு பிரமாதமா இருக்கு" என்றான் பசுபதி. அந்த வாக்கியத்தை அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ருக்மிணி வாஷிங் மெஷின் மேல் ஈரத் துண்டு சுருண்டு கிடப்பதைப் பார்த்து, "இதையும் நான்தான் எடுத்துப் போடணுமாக்கும்" என்று சொல்லி, மற்ற துண்டுகளோடு ட்ரையரில் எறிந்து, சூட்டை முழுசாக வைத்துத் திருகினாள்.

ட்ரையரைத் திறந்தபோது உள்ளே கோட்டு இல்லை. கோட்டின் பேரன் இருந்தான்.

கம்பளி சுருங்கிவிட்டது, உள்ளே தைத்திருந்த நூல் துணி சுருங்கவில்லை. அது கோட்டுக்குக் கீழே பாவாடை மாதிரி எட்டிப்பார்த்தது. ருக்மிணி கையில் தூக்கிப் பார்த்தாள். தன் தோளில் வைத்துப் பார்த்தாள். சேர்ந்தது.

"ஏன்னா, உள்ள இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"துண்டைப் பிரிச்சுப் பாக்கப்படாதா?"

"துண்டுக்குள்ள தாத்தா கோட்டு இருக்கும்னு எந்த ஊர்ல பாப்பா?"

"சரி, இழுத்துப் பாக்கலாம்" என்றான் பசுபதி. ஆளுக்கு ஒரு கை பிடித்து இழுத்தார்கள். கோட்டு ஒரு நூல்கூட நீளவில்லை. இருவரும்தான் வழுக்கி வழுக்கி ஒருவர்மேல் ஒருவர் வந்து விழுந்தார்கள். பல வருஷங்களில் அவ்வளவு நெருக்கம் அதுதான். அதை அனுபவிக்கிற மனநிலையில் யாரும் இல்லை.

"பெரியப்பா எல்லார்கிட்டயும் சொல்லிடுவார்" என்று ருக்மிணி அழ ஆரம்பித்தாள். "தாத்தாவையே சுருக்கிட்டான்னு பேர் வரும். இனிமே நான் மாம்பலத்துக்கு எந்த மூஞ்சியோட போவேன்?"

பசுபதிக்கும் அந்தக் கவலைதான். அத்தனை பேரில் தன்னை நம்பிக் கொடுத்த ஒரே மனிதர் கோட்டைப் பார்க்க வருகிறார்.

ஆனால் அவன் இன்ஜினீயர். பொருள் சின்னதாகிவிட்டால் தூரத்தை அதிகமாக்கவேண்டும், கணக்கு அவ்வளவுதான். ருக்மிணி எட்டிப்பார்த்த அந்தப் பாவாடையை வெட்டி ஓரம் தைத்தாள். பசுபதி சட்டத்தை அறுத்துச் சின்னதாக்கினான். வாசலில் நுழைந்ததும் மாடிப்படிக்கு மேலே கூரைவரை ஒரு சுவர் ஓங்கி நின்றது. ஏணி போட்டு அதன் உச்சியில் கோட்டை மாட்டினான். ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்கக்கூடாது என்று பக்கத்திலிருந்த காலண்டர், சாமி படம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். மாட்டுவதற்கு முன், ருக்மிணியின் யோசனைப்படி, கையில் டால்கம் பவுடர் தடவி இடது தோளில் ஒரு அழுத்து அழுத்தினான். கலெக்டர் கையும் பதிந்துவிட்டது.

நூவர்க் விமான நிலையத்தில் பெரியப்பா வெளியே வந்தார். வேஷ்டி, மஃப்ளர், ஸ்வெட்டர். ஸ்வெட்டரின் கை முழங்கையோடு நின்றிருந்தது. கலிபோர்னியாவில் இப்போது இதுதான் மோஸ்தர் போலிருக்கிறது என்று பசுபதி நினைத்துக்கொண்டான். வழி முழுக்க அவர் கோட்டைப் பற்றியே பேசினார். பசுபதி ஃப்ரீவேயில் இத்தனை மெதுவாக ஓட்டினான், பின்னால் வந்த கார்களெல்லாம் இது சவ ஊர்வலமாக்கும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு மரியாதையாக வந்தன.

வீட்டுக்குள் கால் வைத்ததும், "எங்கே?" என்றார்.

"அதோ, மேலே."

பெரியப்பா மஃப்ளரைத் தளர்த்தி அண்ணாந்து பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை அவ்வளவு உசரத்துல?"

"மியூசியத்துலல்லாம் அப்படித்தான். வெயில் படாது, கை படாது."

"சின்னதாத் தெரியறதே."

"தூரத்துல எல்லாமே சின்னதாத்தான் தெரியும் பெரியப்பா. பர்ஸ்பெக்டிவ்."

"திருப்பதில பெருமாளையே இதைவிடக் கிட்டத்துல பாத்தேன். எறக்குங்கோ."

"ஏணியைப் பக்கத்தாத்துல குடுத்திருக்கேன்."

"கராஜ்ல எறங்கறச்சே ஒண்ணைப் பாத்தேனே."

"அது... அது பக்கத்தாத்து ஏணி" என்றான் பசுபதி.

"ரொம்ப நல்லதாப் போச்சு. அதையே போடுங்கோ."

போட்டான். ஏறினான். கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினான். அவன் ஒவ்வொரு படியாக இறங்க இறங்கக் கோட்டு பெரிதாகும் என்று பெரியப்பா காத்திருந்தார். ஆகவில்லை. தரைக்கு வந்தும் ஆகவில்லை. டைனிங் டேபிளில் வைத்துக் கண்ணாடியைத் திறந்தபோதும் ஆகவில்லை.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் தோளைப் பார்த்தார்.

"இதென்ன வெள்ளையா?"

"கலெக்டர் கை" என்றாள் ருக்மிணி, உள்ளே போன குரலில்.

"கலெக்டர் தொட்டது வலது தோள். அது சரி, துரை கையை மோந்து பாத்தா மல்லிப்பூ வாசனை வரதே?"

ருக்மிணியால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. "பெரியப்பா, நான்தான் தெரியாத்தனமா..." என்று ஆரம்பித்தாள். "இல்லை பெரியப்பா, துவைச்சது நான்" என்று பசுபதி குறுக்கே விழுந்தான். இருவரும் சேர்ந்து பேசியதில் யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.

பெரியப்பா கையைத் தூக்கினார். "ட்ரையரா?"

இரண்டு தலையும் ஆடின.

அவர் தன் ஸ்வெட்டர் கையை நீட்டிக் காட்டினார். "போன மாசம் வரைக்கும் இது முழுக்கை. மில்பிடாஸ்ல உன் மன்னி கைங்கரியம்." ஆனால் அவர் சிரிக்கவில்லை. "ஸ்வெட்டர் கடைல கிடைக்கும். இது எங்கப்பா கோட்டு. உங்களை நம்பிக் குடுத்தேன், மாப்பிள்ளை."

பசுபதி தரையைப் பார்த்தான். தரை திறந்துகொடுக்கவில்லை.

பெரியப்பா ஆடிட்டர். சேதம் இவ்வளவுதானா, இன்னும் உண்டா என்று பார்க்காமல் விடமாட்டார். பித்தான்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கழுத்துப்பட்டையைத் திருப்பினார். அங்கேயே நின்றார்.

"இந்த டோபி மார்க் எங்கேர்ந்து வந்தது?"

"முன்னாடியே இருந்திருக்கு பெரியப்பா. எண்ணெய்ப் பிசுக்குல தெரியலை. துவைச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

"எப்படி இருக்கும்? பார்ட்டிக்குன்னு புதுசாத் தைச்ச கோட்டு. பார்ட்டிக்கப்புறம் தண்ணியே காட்டலை. பின்னே டோபி இதுக்கு எப்போ மார்க் போட்டான்?"

அறுபது வருஷமாக ஒரு குடும்பமே சொல்லிவந்த கதையில் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது பசுபதிக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அதுவும் நம்மாத்து மார்க் இல்லை" என்றார் பெரியப்பா. "நம்மாத்து மார்க் ஒரு கோடு, ரெண்டு புள்ளி. என் அரணாக்கயிறைத் தவிர எல்லாத்துலயும் அது இருந்தது. இது மூணு புள்ளி, ஒரு கொக்கி. இது..." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எதிராத்து வக்கீல் நாகமணி ஐயர் ஆத்து மார்க்கடீ, ருக்கு!"

அந்தக் காலத்து மாயவரத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. சலவைக்குப் போன ஒரு வீட்டுத் துணி, டோபியின் தயவில் இன்னொரு வீட்டு விசேஷத்துக்குப் போய் மங்களமாக நடத்திக்கொடுத்துவிட்டு, மறுபடி வெளுத்துச் சொந்த வீட்டுக்குத் திரும்பும். தன் ஜரிகை வேஷ்டியைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தவரிடம், "நன்னாருக்கே, எங்க எடுத்தேள்?" என்று கேட்டவர்களும் உண்டு.

"அப்பா டோபிகிட்டேர்ந்து வாங்கிண்டு போயிருக்கார். துரை ஒரு வார்த்தை சொல்லிட்டார். ஊரெல்லாம் பரவிடுத்து" என்றார் பெரியப்பா, கணக்கில் வராத தொகை ஒவ்வொன்றாக வந்து விழுகிற குரலில். "அப்புறம் எப்படித் திருப்பிக் குடுப்பார்? மறுநாள் வக்கீல் அதையே போட்டுண்டு கோர்ட்டுக்குப் போனா மானம் போயிடாதா? கோட்டைத் தொலைச்சுட்டியேன்னு வக்கீல் டோபியோட போட்ட சண்டை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அதுக்கு மத்தியஸ்தம் பண்ணி வச்சதே அப்பாதான்! அந்த வருஷம் டோபிக்கு ஊர்க்கோடில ஒரு மனைக்குப் பட்டாவும் கிடைச்சுது. ஏன் கிடைச்சுதுன்னு இப்போன்னா தெரியறது!"

"அதனாலதான் துவைக்கவே இல்லையா?" என்றாள் ருக்மிணி.

"பிசுக்குப் போனா மார்க் வெளில வந்துடுமே! துரை கையாவது, மண்ணாங்கட்டியாவது!"

சொல்லிவிட்டுப் பெரியப்பா திடீரென்று எழுந்தார். எழுந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. நாற்காலியின் முதுகு அவர் மார்பு வரை வந்தது.

"நாகமணி ஐயர் பனைமரம் மாதிரி இருப்பார். அப்பா எப்படி இருப்பார் தெரியுமா? ஜன்னல் மேல்கொக்கி எட்டாம முக்காலி போட்டுப்பார். நான் கண்ணால பாத்திருக்கேன். சொன்னா யார் கேட்டா? கோட்டை எடுத்துக் காட்டினா. பாத்துப் பாத்து, எனக்குத்தான் ஞாபகம் பிசகிடுத்துன்னு நானும் நம்பிட்டேன். இத்தனை வருஷமா நான் ஆறடி அப்பாவுக்குப் பொறந்த குள்ளன்!"

கோட்டை எடுத்து உதறினார். டால்கம் பவுடர் பறந்தது. ஒரு கை, மறு கை. தோள் தோளில் உட்கார்ந்தது, கை மணிக்கட்டில் நின்றது, பித்தான் வலிக்காமல் போட்டுக்கொண்டது. அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"இது இப்போதான் எங்கப்பா கோட்டு" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கண்ணை இடுக்கினார். "மாப்பிள்ளை, வக்கீல் கோட்டை எங்கப்பா போட்டுண்டா எப்படி இருந்திருக்கும்?"

பசுபதி கற்பனை செய்து பார்த்தான். "கை முட்டிக்குக் கீழ தொங்கியிருக்கும். கோட்டு கணுக்காலைத் தொட்டிருக்கும்."

"அந்தக் கோலத்தை மேலும் கீழும் பாத்துட்டு ஒரு வெள்ளைக்காரன் குட் கோட்னா சொல்லுவான்?" பெரியப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டார். "குட் காட்! அட கடவுளேன்னு சொல்லியிருக்கான்யா! எங்கப்பா காதுல கோட்டுன்னு விழுந்திருக்கு!"

முதலில் சிரித்தது ருக்மிணி. அழுகைக்கென்று வைத்திருந்த மூச்சையெல்லாம் சிரிப்பில் செலவழித்தாள். பெரியப்பா கோட்டோடு குலுங்கினார். பசுபதி சிரிக்க ஆரம்பித்தபோதுதான், ஒரு வாரமாகத் தான் மூச்சை முழுசாக விடவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் விட்ட மூச்சில் மேஜைமேல் மீதியிருந்த பவுடரும் போய்விட்டது.

"வக்கீல் ஆத்துக்குச் சொல்லணுமா பெரியப்பா?" என்று கேட்டான்.

"அவர் பேரன் இங்கதான் எடிசன்கிற ஊர்ல டாக்டர். அவனும் பனைமரம்தான். கோட்டு வேணும்னா வரட்டும். இப்போ அவன் கட்டைவிரலுக்குத்தான் சேரும்."

இருந்த நாளெல்லாம் பெரியப்பா அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. இந்தியக் கடைக்கும் அதோடுதான் போனார். புறப்படுகிற அன்று தானே அதைப் பஞ்சு ஹாங்கரில் மாட்டி, வேஷ்டித் துணியைத் தடவிப் பார்த்து, "நன்னாப் பண்ணியிருக்கேள் மாப்பிள்ளை. கீழயே மாட்டுங்கோ. காலர் வெளில திரும்பி இருக்கட்டும்" என்றார். அது இரண்டாவது பாராட்டு. பசுபதி அதை ருக்மிணியிடம் மூன்று முறை சொல்லிக் காட்டினான்.

கோட்டு இப்போது ஹாலில், ஆள் உயரத்தில் தொங்குகிறது. குள்ளமான ஆள் உயரத்தில். வருகிறவர்கள் கழுத்துப்பட்டையைப் பார்த்து, "இதென்ன, கலெக்டர் கையெழுத்தா?" என்று கேட்பார்கள். பசுபதி மறுப்பதில்லை. அந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கு இன்னும் பெண்கள் இருக்கிறார்கள்.

பெரியப்பாவை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று அவன் தெர்மாஸ்டாட் பக்கம் போய்ச் சற்று நின்றான். யாரும் கேட்காமலே அதை ஒரு கோடு ஏற்றினான். அன்றைக்குத்தான் முதல்தடவையாகத் தயிர் சமையலறையில் தனியாகப் படுத்துத் தோய்ந்தது.